எதிர்முனை

சின்னவளுக்கு வாய் நீளம் என்று குடும்பத்தில் பெயர். தூக்கத்தில்கூட யாரையாவது கூப்பிட்டு வம்பு கேட்பாள் என்று அக்கா, அதாவது பெரியவள், சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்டவள் இரண்டு வருஷமாக வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு ஒரு மூன்றாம் மாடியில் குடியிருந்தாள் என்றால், காரணம் இல்லாமலா இருக்கும்? கதவில் பெயர்ப்பலகை கிடையாது. அக்கம்பக்கத்தில் ஒரு புன்னகை, ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். அதுவும் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துக் கொடுக்கிற வேலை. வருகிற போகிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதற்காகவே ஒப்புக்கொண்டாள்.

காரணம், புருஷன். அடிக்கிற புருஷன் என்றால் நாலு பேரிடம் காயத்தையாவது காட்டலாம். இவன் அடிக்கவில்லை. இவன் கேட்பான். கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, அவள் அக்காவோடு பேசியது, குழந்தையோடு பேசியது, தனக்குத்தானே முணுமுணுத்தது எல்லாவற்றையும் கேட்பான். பிறகு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், அவள் சொன்னதை அவளுக்கே ஒப்பிப்பான். ஒரு வார்த்தை பிசகாது. "இதுக்கு என்ன அர்த்தம்?" என்பான். அர்த்தம் சொல்லும்வரை யாரும் எழுந்து போகக்கூடாது. ஒருநாள் குழந்தைக்கும் அந்த வைத்தியம் நடந்தது. ஐந்து வயசுக் குழந்தை, காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு நாற்காலியில். மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் சின்னவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். 'நீ எங்க போனாலும் சரி, குழந்தைய நான் எடுத்துக்கிட்டா நீயே பின்னாடி வருவே' என்று அவன் முன்பே சொல்லி வைத்திருந்தான். சொன்னால் செய்கிறவன். ஆக, அவன் கண்ணில் அந்தக் குழந்தை படாமல் இருப்பது ஒன்றுதான் சின்னவளின் வாழ்க்கையில் மிச்சமிருந்த வேலை.

அக்காவிடம் பேசாமல் மட்டும் அவளால் இருக்க முடியவில்லை. தினமும் மாலை ஆறரைக்கு இவள்தான் கூப்பிடுவாள். எண்ணை அக்காவிடம்கூடக் கொடுக்கவில்லை, ஊர்ப்பெயரும் சொல்லவில்லை. 'இங்க மழை', 'இங்க வெயில்', எல்லாமே 'இங்க'தான். வாலு என்று கூப்பிடுகிற அந்தப் பெண் குழந்தை அன்றைக்குப் பள்ளியில் யாரைக் கடித்தாள், கடைக்காரர் எந்தச் சட்டத்தைத் தலைகீழாக மாட்டினார், இப்படி உப்புச்சப்பில்லாத கதைகள் அரைமணி நேரம் ஓடும். பெரியவளும் ஓர் இடத்தில் உட்கார்ந்து பேசுகிற ஆள் இல்லை; பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஊர்க்கதை முழுக்க அளப்பாள். அந்த அரைமணி நேரத்தில்தான் சின்னவள் மூச்சு விட்டாள் என்று சொல்ல வேண்டும்.

ஒருநாள் அக்காவே முந்திக்கொண்டு ஆரம்பித்தாள். "ஏண்டி, வாலுவுக்கு மஞ்சள் மழைக்கோட்டு வேணும்னு சொன்னேல்ல? இங்க நம்ம கேட்டுல யாரோ ஒண்ணு மாட்டிட்டுப் போயிருக்காங்க. புதுசு. ஏழு வயசுக்கு அளவா இருக்கு."

மாமா வாங்கியிருப்பார் என்று சின்னவள் சொன்னாள். மாமாவோ கல்யாண நாளுக்கே எதுவும் வாங்காத மனுஷன், இவர் எங்கே மழைக்கோட்டு வாங்கப் போகிறார் என்று அக்கா சொன்னாள். இருவரும் சிரித்துவிட்டு அதை அத்தோடு விட்டார்கள்.

பத்து நாள் கழித்து செருப்பு. வார் அறுந்துபோய் ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனதைச் சின்னவள் போனில் சொல்லியிருந்தாள். இரண்டாம் நாள் காலை அக்கா வீட்டுக் கேட்டின் கீழே ஒரு ஜோடி, சின்னவளின் அளவு, அவளுக்குப் பிடித்த பழுப்பு நிறம், இரண்டும் வீட்டைப் பார்த்தபடி ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. இந்தமுறை யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம் ஒரு மாலை சின்னவளுக்குக் காய்ச்சல். உடம்பு முடியாத நேரத்தில் மனசும் சேர்ந்து படுத்துக்கொள்ளும் அல்லவா? அழுதுகொண்டே, "சில நாள் பேசாம திரும்பிப் போயிடலாமான்னு இருக்குக்கா" என்று சொல்லிவிட்டாள். சொன்னது காய்ச்சல்தான், அவள் இல்லை. மறுநாள் அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. கேட்டில் ஒரு சாவி தொங்கியதாம். நீல நூல் சுற்றிய சாவி. அது எந்த வீட்டுச் சாவி என்று இருவருக்குமே தெரியும். நூலைச் சுற்றியதே சின்னவள்தான்.

தன் வாயிலிருந்து வந்த வார்த்தை அவன் காதுக்குப் போயிருக்கிறது. அப்படியானால் அவன் இங்கேதான் எங்கேயோ இருக்கிறான் என்று முடிவு கட்டினாள். அன்றைக்கு லென்ஸ் தேய்க்கும்போது மூன்றை உடைத்தாள். கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உடைந்ததைத் தானே கூட்டி அள்ளினார்.

கடைக்கு எதிரே போன் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் இருந்தார். நாற்பது வயசு, எலும்பும் தோலுமாக இருப்பார். தெருவே கம்பி என்று கூப்பிடும், அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார். கண்ணாடி மாற்ற வந்தவரிடம் சின்னவள், தெரிந்தவர்கள் வீட்டில் நடந்ததுபோலச் சுற்றி வளைத்துக் கேட்டாள். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, உங்கள் வீட்டில் என்ன போன் என்று நேராகவே கேட்டார். கார்ட்லெஸ், வயர் இல்லாதது என்றாள். வாலு பின்னால் ஓடிக்கொண்டே பேச வசதியாக இருக்கும் என்று பழைய சாமான் கடையில் வாங்கியது.

"அது போன் இல்லம்மா, குட்டி ரேடியோ ஸ்டேஷன்" என்றார் கம்பி.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அதைச் செய்தும் காட்டினார். வழக்கம்போல அக்காவிடம் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு ரேடியோவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கித் தெருமுனைக்குப் போனார். சின்னவளுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. வாலு வரைந்த படத்தைப் பற்றியும் சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றியும் பேசினாள். பத்து நிமிஷத்தில் கம்பி மூச்சு வாங்க மேலே வந்து, பள்ளிக்கூடப் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்:

"'பறவைக்கு நாலு காலு வரைஞ்சிருக்கா. ஏண்டின்னா, அது நடக்கவும் வேணாமாங்கறா.' சரியாம்மா? அதுக்கு உங்க அக்கா சிரிச்சாங்க. அப்புறம் குழாய்க்குத் துணி சுத்தச் சொன்னாங்க."

தன் வார்த்தையை வேறோர் ஆம்பிளை வாயில், அதே வரிசையில் கேட்டதும் சின்னவளுக்குச் சாப்பாட்டுத் தட்டும் நாற்காலியும் நினைவுக்கு வந்தன. போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். பாவம், அந்த நல்ல மனுஷனுக்கு என்ன தெரியும்? அவர் விளக்கிக்கொண்டே போனார். இந்த ரகத்துப் பழைய போன்களில் நாம் பேசுவது மட்டுமில்லை, எதிர்முனையில் பேசுவதும் சேர்ந்துதான் காற்றில் போகும். நாலைந்து தெரு தூரத்துக்குள் எவன் வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஒரே ஆறுதல், கேட்கிறவனுக்குக் குரல் கிடைக்கும், எந்த வீடு என்று கிடைக்காது.

அதனால்தான் அவன் இன்னும் கதவைத் தட்டவில்லை என்று சின்னவளுக்குக் கணக்கு நேரானது. கம்பி அந்தப் போனைப் பிடுங்கிவிட்டு, சுருள் வயர் வைத்த கனமான பழைய போன் ஒன்றை மாட்டிக் கொடுத்தார். சுவரில் வயர் போகிற வழியெல்லாம் தட்டிப் பார்த்து, கீழே பெட்டி வரைக்கும் போய்ப் பார்த்து, எவனும் கைவைக்கவில்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்.

மறுநாள் ஆறரைக்குச் சின்னவள் அக்காவிடம் சொன்ன முதல் விஷயமே இதுதான். "வயர் போட்டாச்சுக்கா. இனிமே ஒருத்தனும் கேக்க முடியாது."

அதோடு எல்லாம் நின்றுபோனது. ஒரு வாரம் போனது, கேட்டில் எதுவும் இல்லை. இரண்டு வாரம் போனது, அப்போதும் இல்லை. பொம்மை வேண்டும் என்று வாலு அடம்பிடித்ததை வேண்டுமென்றே போனில் சொல்லிப் பார்த்தாள்; எந்தப் பொம்மையும் வரவில்லை. மூன்றாம் வாரம் அவள் கடையில் யாரோடோ வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்துக் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நீள வாய் திரும்ப வந்துவிட்டது. இரண்டு வருஷம் அடைத்து வைத்த பேச்சு எல்லாம் கொட்டியது.

மாமா வேலையாக வெளியூர் போகிறார், நாலு நாள் நான் சும்மாதான் இருப்பேன் என்று ஒரு புதன்கிழமை அக்கா சொன்னாள். குழந்தையைப் பார்த்து இரண்டு வருஷமாச்சு, பல் விழுந்து முளைத்ததைக்கூடப் பார்க்கவில்லை என்று அழுதாள். சின்னவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். யோசித்துவிட்டு ஊர்ப்பெயரைச் சொன்னாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. ஆறு மணி நேரப் பயணம், தண்ணித்தொட்டி ஸ்டாப்பில் இறங்கு, இடது பக்கம் மூன்றாவது கட்டடம், மூன்றாம் மாடி என்று எழுத எழுதச் சொன்னாள். நான் கடையில் இருந்தால் பின் தெருவில் நீலக் கேட்டுப் பள்ளிக்கூடம், வாலுவை நீயே கூட்டிக்கொள், பெரியம்மா வருவாள் என்று வாட்ச்மேனிடம் சொல்லி வைக்கிறேன் என்றாள். பெரியவள் எல்லாவற்றையும் ஒருமுறை உரக்கத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வருவதாக முடிவானது.

மறுநாள் வியாழன், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த சின்னவளுக்கு ஒரு ஞாபகம். குழந்தையின் பழைய தடுப்பூசி அட்டை அக்கா வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. வரும்போது எடுத்துவரச் சொல்லலாம் என்று, வழக்கமில்லாத அந்த ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டாள். அக்கா எடுத்தாள், சரி என்றாள், கையோடு வேறு ஏதோ கதையை ஆரம்பித்தாள். கம்பி மாட்டிக் கொடுத்த போனில் வயர் குட்டை. சின்னவள் சுவரோரம் ஒரே இடத்தில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக அப்படி நின்றே பேசிப் பழகிவிட்டாள். அதனால்தானோ என்னவோ, அன்றைக்கு அக்கா பக்கத்துச் சத்தம் காதில் விழுந்தது. குழாய் நின்றது. ஒரு கதவு திறந்தது. காலடி, ஒன்று, இரண்டு, படியேறுகிற காலடி. பிறகு காற்று. பிறகு துணிக்கு மாட்டுகிற கிளிப் ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகிற சத்தம். அக்காவின் பேச்சு நடுவில் ஒருமுறைகூட அறுபடவில்லை.

"அக்கா, இப்ப எங்க நிக்கறே?"

"மொட்டை மாடில. மழை வர்ற மாதிரி இருக்கு, துணி எடுக்கறேன்."

"கையில என்ன போன்?"

"இதென்னடி கேள்வி. உங்க மாமா வாங்கினதுதான், வயர் இல்லாதது. ஹால்ல வயர் வச்சது இன்னொண்ணு இருக்கு, அதுல உக்காந்து பேச எனக்கு எங்க நேரம்?"

முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை என்பார்களே, அதுதான். ஒளிந்திருக்கிறவள் சின்னவள், ஆகவே ஓட்டை சின்னவள் வீட்டில்தான் இருக்கும் என்று இரண்டு பேருமே தீர்மானித்துவிட்டார்கள். இரண்டு வருஷமாக இவளை மூடி மூடிக் காப்பாற்றியே பழக்கம். மழைக்கோட்டு எந்தக் கேட்டில் தொங்கியது, செருப்பு எந்த வாசலில் வந்தது என்று ஒரே ஒரு தடவை நிதானமாகக் கேட்டிருந்தால் போதும். பயந்த புத்திக்கு நிதானம் ஏது? 'இனிமே ஒருத்தனும் கேக்க முடியாது' என்று அவள் சொன்னதையும் அவன் கேட்டான். கேட்டுத்தான் பொருள் அனுப்புவதை நிறுத்தினான். அவள் தைரியமாகப் பேசட்டும் என்று காத்திருந்தான்.

சின்னவள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அக்கா, ஏதோ அலுப்பான சமாச்சாரம்போல, அவளாகவே சொல்லிக்கொண்டு போனாள். பின்வீட்டு மாடியறையில் மூணு மாசமா ஒருத்தர் குடியிருந்தாராம். ஜன்னல் நம்ம மாடியைப் பார்த்த மாதிரிதான், ஆனால் திரை விலகி ஒருநாளும் பார்த்ததில்லை. ராத்திரியில்தான் வெளியே போவார்போல, முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. காலையில் விடிவதற்குள் காலி பண்ணிட்டுப் போயிட்டாராம்.

"அந்த வீட்டுக்காரியம்மா இப்பத்தான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. ஜன்னல்ல ரேடியோவுக்குக் கட்டற மாதிரி நீளமா ஒரு கம்பி கட்டி வச்சிருக்காருடி, அதை அவுக்காம விட்டுட்டுப் போயிட்டாரு. ஏன் திடீர்னு கிளம்பறீங்கன்னு கேட்டாளாம். 'வீட்டுல கூப்பிட்டுட்டாங்க, போறேன்'னு சந்தோஷமாச் சொன்னாராம்."

அந்த மூன்று மாசத்தில் அக்கா தங்கை இரண்டு பேர் மட்டும் பேசிக்கொண்ட பேச்சு என்றால் இது ஒன்றுதான். கேட்க யாரும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவன் கிளம்பி ஏழெட்டு மணி நேரம் ஆகிவிட்டது.

சின்னவள் ஐந்தே வார்த்தை சொன்னாள்: "அது அவன்தான்க்கா, ஹால் போன்ல பேசு." போனைச் சரியாக வைத்தாளா என்றுகூடத் தெரியாது. பின்பக்கப் படியில் இறங்கினாள். இரண்டாம் மாடியில் யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டு அப்படியே சுவரோடு சுவராக நின்றாள். வந்தது கீழ்வீட்டு அம்மாள், கையில் துணிப்பை. என்ன ஆச்சு என்று அந்த அம்மாள் கேட்டதற்குச் சின்னவள் சிரித்துவிட்டு ஓடினாள்.

நீலக் கேட்டில் வாட்ச்மேன் அவளைப் பார்த்துவிட்டு, பெரியம்மா வருவாங்கன்னு சொன்னீங்க, நீங்களே வந்துட்டீங்களே என்றார். யாராவது வந்தார்களா என்று கேட்டாள்.

"ஒருத்தர் வந்தாரும்மா. ஸ்கூல் எத்தனை மணிக்கு விடும்னு கேட்டாரு. மூணரைன்னேன். நல்ல மனுஷன், அதுவரைக்கும் வீட்டுல போய் இருக்கேன்னு சொல்லிட்டுப் போனாரு."

வாலு பையைக் கட்டிக்கொண்டு வர ஐந்து நிமிஷம் ஆனது. அந்த ஐந்து நிமிஷத்தை நான் விவரிக்கப் போவதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாப்புக்கு வேறு வழியே இல்லை, தன் தெருமுனையைத் தாண்டித்தான் போகவேண்டும். குழந்தையை அந்தப் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். கட்டட வாசலில் அவன் நின்றான். புதுச் சட்டை, வாரிய தலை, காலடியில் ஒரு பெட்டி, விருந்துக்கு வந்தவனைப்போல. மேலே ஜன்னலைப் பார்க்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, மூன்றாம் மாடியிலிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான். வாலு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சின்னவள் அந்தச் சின்ன வாயைக் கையால் பொத்தி, அப்படியே அணைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஓடினால் காலடிச் சத்தம் கேட்கும்.

எந்த பஸ் முதலில் வந்ததோ அதில் ஏறினார்கள். மூன்று ஊர் தள்ளி, பஸ் டீக்காக நின்ற இடத்தில் ஒரு போன் பூத் இருந்தது. மணி ஆறரை. குழந்தையைக் காலோடு ஒட்டி நிறுத்திக்கொண்டு எண்ணைச் சுற்றினாள். முதல் மணியிலேயே அக்கா எடுத்தாள். பின்னால் காற்று இல்லை, குழாய் இல்லை. ஹால் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பத்திரமான போன்தான். சின்னவளுக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும் வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. திறந்து திறந்து பார்த்தாள். ஒரு வார்த்தை, 'அக்கா' என்கிற ஒரே வார்த்தை, அதுகூட எழும்பவில்லை. ஊரெல்லாம் அவன் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

எதிர்முனையில் பெரியவள் அழுகிறாள் என்று தெரிந்தது. பேச்சே நிற்காத அக்கா, இப்போது ஒவ்வொரு வார்த்தையாக, ரகசியக் குரலில் பேசினாள்.

"நீதானா? வேணாம், பேசாத. வாலு உன்கூட இருந்தா போன்ல ஒரு தட்டு தட்டு."

சின்னவள் நகத்தால் ஒரு தட்டு தட்டினாள்.